சேம அச்சு

கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பழைய வண்டிகளை வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ நிறுத்தி, விடுமுறை நாள்களில் தாமே பழுதுபார்த்தும் மேம்படுத்தியும் வரும் உரிமையாளர்களின் உழைப்பைப் பழமை மீதான ஏக்கம் என்றோ பட்டறைக் கூலியை மிச்சப்படுத்தும் வழி என்றோ சொல்லி முடித்துவிடுவது எளிது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்த உழைப்பைச் சற்று நெருங்கிக் கவனித்தால், ஒரே கேள்வி வெவ்வேறு உருவில் அதற்குள் திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம்: தாங்க முடியாத சுமை வரும்போது இந்த வண்டி எந்த இடத்தில் முறிய வேண்டும்? ஒரு பாகத்தை வலுப்படுத்தும் ஒவ்வொரு முறையும் உரிமையாளர், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கேள்விக்கு ஒரு விடை எழுதுகிறார். ஏனெனில் வலுப்பெற்ற பாகம் தாங்கிக்கொண்ட விசை அதோடு அடங்கிவிடுவதில்லை, அடுத்து நிற்கும் பாகத்தின் தலையில் போய் இறங்குகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்கு பிரிட்டனின் லேண்ட் ரோவரைவிடப் பொருத்தமான வண்டி அரிது. 1947இல் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்சீ தீவில் தமக்கிருந்த நிலத்தில் போர்க்கால அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்து நின்றுபோனால் வேறு எதை வாங்குவது என்பதற்கு விடை இல்லாத நிலையில், அதே நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸும் அவரும் உழவர்களுக்கான ஒரு வண்டியைச் செய்ய முடிவெடுத்தனர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. கார் விற்பனை நிமிரும்வரை ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதற்கான இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட அவ்வண்டி, 1958இல் இரண்டாம் சீரிஸாகவும் 1971இல் மூன்றாம் சீரிஸாகவும் 1990இல் டிஃபெண்டர் என்ற பெயரிலும் உருமாறி, 2016 ஜனவரி 29 வரை சோலிஹல் ஆலையிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. இக்கட்டுரை பெரிதும் எடுத்துக்கொள்வது சீரிஸ் வண்டிகளை, அதாவது 1948 முதல் 1980களின் நடுப்பகுதி வரை பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்து ஓடிய தலைமுறையை.

அவ்வண்டிகளை உரிமையாளரே பிரித்து மாட்ட முடிவதற்கு, அவை பிறந்த காலத்தின் வறுமை ஒரு பெருங்காரணம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் கிடைத்தது. ஏற்றுமதி செய்வோருக்கே முன்னுரிமை இருந்தது. ஆகவே உடற்பகுதியின் தகடுகள் பெரும்பாலும் பர்மாபிரைட் எனப்படும் அலுமினிய மக்னீசியக் கலப்பில் செய்யப்பட்டன. தகடுகளை வளைத்து உருவம் கொடுக்கும் பெரிய அச்சுப்பொறிகளுக்குச் செலவிடப் பணமும் நேரமும் இல்லாததால் அவை கூடியவரை தட்டையாகவும், கையால் மடிக்கத்தக்க எளிய வளைவுகளோடும் இருந்தன. வண்டியின் முதுகெலும்பான அடிச்சட்டமும், அதாவது பட்டறை வழக்கில் சேஸ் எனப்படும் பகுதியும், நான்கு எஃகுப் பட்டைகளைச் சதுரக் குழாயாகச் சேர்த்துப் பற்றவைத்தே உருவாக்கப்பட்டது. முன்சக்கர மேற்கூடு, கதவு, கூரை, தரை ஆகிய ஒவ்வொன்றும் போல்ட்டுகளால் தனித்தனியே பூட்டப்பட்டிருந்தன. பொருளும் கருவியும் பற்றாத ஆலையில் எவ்வாறு பூட்ட முடிந்ததோ அவ்வாறே, பொருளும் கருவியும் பற்றாத கொட்டகையிலும் அதைக் கழற்ற முடிந்தது. இதைத் திட்டமிட்ட கொடை என்று சொல்வதற்கில்லை. ஆனால் 70 ஆண்டுகளாக அதன் பயனை அனுபவித்தவர்கள் அந்த வறுமைக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

கழற்றத் தொடங்கும் உரிமையாளர் முதலில் எதிர்கொள்வது ஸ்பேனர் பொருந்தாமையை. ஒரு போல்ட்டின் மேல் ஓடும் புரிக்கு மரை என்று பெயர். மரையின் கோணமும் இடைவெளியும் அளவுத்திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த 55 பாகைக் கோணமுள்ள பிரிட்டிஷ் மரை முதல் சீரிஸ் வண்டிகளில் நிறைந்திருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் போர் அனுபவத்தின் விளைவாக 1948இல் உடன்பட்ட 60 பாகை யூனிஃபைட் மரை பிந்தைய சீரிஸ் வண்டிகளில் ஆட்சிபெறுகிறது. மெட்ரிக் மரை அதற்கும் பின்னால் வந்து சேர்கிறது. விட்வொர்த் ஸ்பேனரின் மீது பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்குமேயன்றித் தலையின் அகலத்தைக் குறிக்காது என்பதால், புதிதாக வருபவர் எண்ணை நம்பி எடுத்த ஸ்பேனர் தலையைச் சுற்றி வழுக்கும். ஒரு திட்டத்து நட்டை மற்றொரு திட்டத்துப் போல்ட்டில் வலிந்து முறுக்கினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நம்பிப் போனவர் உண்மையில் இரண்டு மரைகளையும் அழித்துவிட்டுப் போகிறார். 60 ஆண்டுகளில் பல கை மாறிய ஒரு வண்டியில் மூன்று திட்டங்களும் கலந்து கிடப்பதும், சிதைந்த துளை பெரிதாக்கப்பட்டுக் கைக்குக் கிடைத்த போல்ட் திணிக்கப்பட்டிருப்பதும் வழக்கம். பெயர் தெரியாத முந்தைய உரிமையாளர்களின் பொறுமையும் அவசரமும் இப்படித்தான் அடுத்தவரின் விரல்களுக்குத் தெரியவருகின்றன.

இனி, முறியும் இடத்துக்கு வரலாம். என்ஜினின் சுழற்சி கியர்பெட்டியைக் கடந்து பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரக் கூட்டை அடைகிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், சுழற்சியை இரு பக்கத்துக்கும் பகிர்ந்தும் வேக வேறுபாட்டுக்கு இடம்கொடுத்தும் நிற்பது இக்கூடு. இங்கிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் செல்லும் எஃகுத் தண்டே அரை அச்சு. சீரிஸ் வண்டிகளின் பின் அரை அச்சு, டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் முனையில் நீளவாக்கில் வெட்டப்பட்ட 10 பற்களோடு மெலிந்து நிற்பது. சேற்றில் தரை பற்றாமல் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென ஒரு பாறையைப் பற்றினால், அதுவரை தடையின்றிச் சுழன்ற என்ஜினின் மொத்த விசையும் ஒரே கணத்தில் அந்த மெல்லிய முனையில் தேங்கும். தண்டு முறுக்கிக்கொண்டு அறுபடும். முதல் கியரையும் குறைவேக இணைப்பையும் சேர்த்துப் போட்டிருக்கும்போது மூன்றாம் சீரிஸ் வண்டியில் என்ஜின் ஏறத்தாழ 41 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும் என்பதை நினைவிற் கொண்டால், அந்த முனையின் மீது பெருக்கப்பட்டு வந்து விழும் முறுக்கு எத்தகையது என்பது விளங்கும்.

இதை வடிவமைப்பின் பிழை என்று பழிப்பவர்கள் உண்டு. பழிப்பதற்கு முன் அந்த அரை அச்சு எப்படி வெளியே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வண்டியின் எடையைச் சக்கர பேரிங்குகளும் அச்சின் வெளிக்கூடும் தாங்குகின்றன. உள்ளே ஓடும் அரை அச்சுக்குச் சுழற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகையால் சக்கரத்தின் நடுவிலுள்ள 6 போல்ட்டுகளைக் கழற்றி மூடியோடு தண்டைப் பிடித்து இழுத்தால், சக்கரம் தரையில் நின்றபடி இருக்க, அரை அச்சு உருவிக்கொண்டு வரும். முறிந்த துண்டு உள்ளே தங்கிவிட்டால் அதை எடுப்பதில் சற்றுப் பாடு உண்டு. அது வந்துவிட்டால் புதிய தண்டை நுழைத்துப் பூட்டும் வேலை, பழகிய கைக்கு, ஒரு மரத்தடி நிழலில் முடிந்துவிடும். அதனால்தான் இவ்வண்டிகளில் தொலைவு செல்வோர் இருக்கைக்கு அடியில் மாற்று அரை அச்சுகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தனர்.

இப்பழக்கத்துக்குத் தமிழில் சங்க காலத்திலிருந்தே ஒரு சொல் இருக்கிறது. கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர்கள் தம் மாட்டுவண்டியின் அடியில் கட்டிவைத்த மாற்று அச்சுக்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் அவ்வையார் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு அந்தச் சேம அச்சையே உவமையாக எடுத்தாள்கிறார். ஒரு தலைவனைச் சொல்ல, வண்டிக்கடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கும் ஒரு மரத்தண்டு போதுமானதாக இருந்திருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சேம அச்சு வைத்திருப்பவர் தம் வண்டி முறியும் என்பதை ஒப்புக்கொண்டவர். எங்கே முறியும் என்பதை அறிந்தவர். முறிந்தபின் அதைத் தம் கையாலேயே சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை உள்ளவர். இந்த மூன்றும் சேர்ந்திராவிட்டால் மாற்று உறுப்பு வெறும் கூடுதல் சுமைதான்.

மேம்படுத்துதல் என்பதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அதன் இயல்பு மாறித் தெரிகிறது. உரிமையாளர் பெரிய டயர்களை மாட்டுகிறார். வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்கிறது, பாறை இடிப்பது குறைகிறது. ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடியதால் அதே இழுவையைப் பெற அரை அச்சு கூடுதலாக முறுக்கப்படுகிறது, அடிக்கடி முறிகிறது. அவர் 24 பற்கள் கொண்ட வலிய அரை அச்சுக்கு மாறுகிறார். முறிவது நின்றுவிடுகிறது, அதுவரை அரை அச்சு முறிந்ததால் தப்பித்துக்கொண்டிருந்த டிஃபரன்ஷியலின் பற்கள் இப்போது அடிபடத் தொடங்குகின்றன. கிரவுன், பினியன் எனப்படும் அந்த இரு பல்சக்கரங்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளியை நுண்ணிய தகட்டு வளையங்களால் சரிசெய்ய வேண்டும்; அளவுமானி வேண்டும், தூசியில்லாத மேசை வேண்டும், பொழுது வேண்டும். மரத்தடியில் தீர்ந்த ஒரு பழுது, பட்டறை இருந்தால் மட்டுமே தீரும் பழுதாக இடம்பெயர்ந்துவிட்டது. அரை அச்சை வலுப்படுத்தவே கூடாது என்பது இதன் பொருளன்று. தனியாகக் காட்டுக்குள் போகிறவரும், கூட்டமாகப் போய் மாலையில் வீடு திரும்புகிறவரும் இவ்விடத்தில் வெவ்வேறு முடிவெடுக்கக் காரணம் இருக்கிறது. காரணம் எண்ணாமல் எடுக்கப்படும் முடிவே கவலைக்குரியது.

என்ஜின் மாற்றம் இதைவிட நீளமான சங்கிலி. சீரிஸ் வண்டிகளில் பரவலாக இருந்த 2.25 லிட்டர் டீசல் என்ஜினின் ஆற்றல் 62 குதிரைத்திறன். சுமையோடு மேடேறும்போது பின்னால் வரிசை சேர்ந்துவிடும். 1989இல் டிஸ்கவரி என்ற மாதிரியோடு வந்த 200டிடிஐ என்ஜின், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சியும், வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போவைக் கொண்டு காற்றை அழுத்திச் செலுத்தியும், 111 குதிரைத்திறன் தந்தது. டிஸ்கவரியின் உடலிலிருந்த எஃகுப் பகுதிகள் துருவுக்கு இரையாகி வண்டி கழிக்கப்பட்டபோதும் உள்ளே இருந்த என்ஜின் நெடுங்காலம் உழைக்கத் தயாராகவே இருந்தது. அந்த என்ஜினின் வார்ப்பு பழைய 2.25 லிட்டர் என்ஜினின் வழியில் வளர்ந்தது என்பதால், சிறு மாற்றங்களோடு சீரிஸ் கியர்பெட்டியின் முகப்பில் அது பொருந்திக்கொள்கிறது. பேரனின் இதயம் பாட்டனின் நெஞ்சுக்கூட்டில் அமைந்துவிடுவதைப் போன்ற இந்தப் பொருத்தம், பிரிட்டனின் கொட்டகைகளில் எண்ணற்ற வண்டிகளுக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்திருக்கிறது. அதன் வசீகரத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் புதிய என்ஜின் பழைய டீசலைவிடக் குறைந்த சுழற்சியிலேயே ஆற்றலைக் கொடுத்துவிடும் இயல்புடையது. பழைய வண்டியின் பல்விகிதமோ என்ஜினை வேகமாகச் சுழலவைப்பதற்கென்று அமைந்தது. எனவே நெடுஞ்சாலையில் என்ஜின் வீணாக அலறுகிறது. அதைத் தணிக்க, டிஃபரன்ஷியலின் 4.7 என்ற விகிதத்துக்குப் பதிலாக ரேஞ்ச் ரோவரிலிருந்து எடுத்த 3.54 விகிதம் பொருத்தப்படுகிறது. அச்சின் கூடு ஒரே குடும்பத்தது என்பதால் அதுவும் தடையின்றி அமர்ந்துவிடும். சாலையில் வண்டி அமைதியடைகிறது. ஆனால் முன்னர் சொன்ன 41 சுழற்சி இப்போது 31 ஆகிவிட்டது. செங்குத்தான சரிவில், பிரேக்கை மிதிக்காமல் என்ஜினின் பிடியிலேயே ஒரு மனிதரின் நடைவேகத்துக்கும் கீழே ஊர்ந்து இறங்கும் திறன், எந்தத் திறனுக்காக அந்த வண்டி செய்யப்பட்டதோ அதே திறன், நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வேகம் கூடிய வண்டிக்குப் பழைய டிரம் பிரேக்குகள் போதவில்லை. மெல்லிய டீசலுக்கென்று செய்யப்பட்ட கியர்பெட்டி புதிய முறுக்கைத் தாங்காமல் முனகுகிறது. கியர்பெட்டிக்குப் பின்னால் தனியே பூட்டப்படும் ஓவர்டிரைவ் என்ற துணைப் பல்லிணையைச் சேர்ப்பவர்கள், ஊர்ந்து இறங்கும் திறனை இழக்காமலே சாலை வேகத்தைப் பெறுகிறார்கள். இவ்வழி மேலானது என்றே தோன்றுகிறது, அந்தச் சிறு பெட்டியின் பற்களும் இவ்வளவு முறுக்கை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல என்றபோதிலும்.

ஸ்பிரிங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பல எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் வண்டி குலுங்கும். அதே உராய்வுதான் துள்ளலை அடக்கவும் செய்யும். நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் உள்ள சில பட்டைகளே கொண்ட பராபாலிக் ஸ்பிரிங் உராய்வைப் பெருமளவு நீக்கிச் சக்கரங்களை மேலும் கீழும் எளிதாக அசையவிடுகிறது. உராய்வு செய்துவந்த அடக்கும் வேலையை இனி யாரேனும் செய்தாக வேண்டும் என்பதால் ஷாக் அப்சார்பரும் மாற்றப்பட வேண்டும். சக்கரம் முன்னைவிடக் கீழே இறங்கும்போது பிரேக் குழாயின் நீளம் போதுமா என்று பார்க்காமல் விட்டவர்களும் உண்டு.

துருவின் கதை வேறு வகை. அலுமினியத் தகடுகள் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. ஆகவே வெளியே பளபளக்கும் ஒரு லேண்ட் ரோவரின் அடியில் எஃகுச் சட்டம் காகிதமாக மெலிந்து கிடக்கலாம். சதுரக் குழாயான அச்சட்டத்துக்குள் நுழைந்த சேறு வெளியேற வழியின்றித் தங்கி, குளிர்காலச் சாலைகளில் பனியை உருக்கத் தூவப்படும் உப்போடு சேர்ந்து, உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நோயை உரிமையாளர்கள் காதால் கண்டறிகிறார்கள். சிறு சுத்தியலால் சட்டத்தின் நெடுகத் தட்டிக்கொண்டே போகும்போது நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மழுங்கிய ஓசை தரும். மேலும் அரித்த இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விடும். பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்க்கும் அதே அறிவு. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் உப்புநீர் பட்டால் மின்கலத்தைப் போன்ற வினை நிகழ்ந்து அலுமினியம் வெண்பொடியாக உதிர்கிறது; வறுமைக் காலத்தில் கைகோத்த இரு உலோகங்களில் ஒன்று அரை நூற்றாண்டுக்குப் பின் மற்றதைத் தின்கிறது.

சட்டத்தைச் சீர்செய்வதில் நேர்மையான வழி, அரித்த பகுதியை நல்ல எஃகு தென்படும்வரை வெட்டியெறிந்து, அதே தடிமனுள்ள புதுத் தகட்டை விளிம்போடு விளிம்பாகப் பற்றவைப்பது. பழைய துருவின் மேலேயே ஒட்டு வைத்தால் இரண்டு தகடுகளுக்கிடையே ஈரம் சிறைப்பட்டு முன்னைவிட விரைவாக அரிக்கும். ஒட்டின் மேல் ஒட்டாக மூன்று நான்கு அடுக்குகள் கொண்ட சட்டங்களைப் பார்க்கும்போது ஒவ்வொரு அடுக்கும் அடுத்த தகுதிச் சோதனை வரைக்கும் மட்டுமே நீடிக்கச் செய்யப்பட்டது என்பது தெரிகிறது. அதற்கு மேல் முடியாதபோது, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முழுதும் முக்கியெடுக்கப்பட்ட புதிய சட்டத்தை வாங்கி, வண்டி முழுவதையும் அதன் மேல் மாற்றிக் கட்டுகிறார்கள். துத்தநாகம் எஃகைக் காப்பது வெறும் போர்வையாக மட்டும் அல்ல. பூச்சில் கீறல் விழுந்து ஈரம் புகுந்தாலும், எஃகுக்கு முன்னதாகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. அரிக்க வேண்டியது எது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதால், இதுவும் ஒரு சேம அச்சே.

அடிச்சட்டத்தையும் என்ஜினையும் அச்சையும் மாற்றியபின் எஞ்சியிருப்பது அதே வண்டியா என்ற கேள்வியை மெய்யியலாளர்களுக்கு விட்டுவிடாமல் சட்டமியற்றுவோரும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் வாகனப் பதிவு முகமை நெடுங்காலம் பின்பற்றிய முறைப்படி, பெரிதும் மாற்றப்பட்ட ஒரு வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்கக் குறைந்தது 8 மதிப்பெண் பெற வேண்டியிருந்தது: அடிச்சட்டத்துக்கு 5, ஸ்பிரிங் அமைப்புக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்பெட்டிக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, என்ஜினுக்கு 1. பெருமையெல்லாம் என்ஜினுக்கே என்று எண்ணுபவருக்கு இந்த வரிசை வியப்பளிக்கும். மாற்றத்தக்கது எது, மாற்றினால் வண்டியே மாறிவிடுவது எது என்பதில் பதிவேடும் கொட்டகையும் ஏறத்தாழ ஒரே கருத்தில் நின்றது தற்செயல் அல்ல. இந்தியாவில் நிலை இறுக்கமானது; 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு, தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு இடமில்லை என்றது. தெருவில் நடப்பவரின் உயிரை எண்ணினால் அந்த இறுக்கத்துக்கு நியாயம் உண்டு. ஆயினும் காப்பதற்காகச் செய்யப்படும் மாற்றத்தையும் காட்சிக்காகச் செய்யப்படும் மாற்றத்தையும் பிரித்தறியும் ஒரு கண் சட்டத்துக்கு வாய்த்தால் நல்லது.

முறியும் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு ஓர் எல்லை உண்டு, அது பிரேக். பழைய சீரிஸ் வண்டிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் திரவத்தைக் கொண்டுசெல்வது ஒரே குழாய்ச் சுற்று. ஏதேனும் ஓரிடத்தில் கசிந்தால் பெடல் தரைவரை போகும். நான்கும் ஒருசேரச் செயலிழக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று அமைக்கும் இரட்டைச் சுற்றுக்கு மாறுவதே இங்கு நேரிய மேம்பாடு. மூல வடிவத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் ஒற்றைச் சுற்றைப் போற்றுவோரின் பற்றுக்கு மதிப்பளிக்கலாம், உடன்பட முடியாது. பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதன் பொருள், பிரேக் பிடிக்குமா என்று ஆண்டுக்கொருமுறை கேட்டுவந்த வெளிக்குரல் நின்றுவிட்டது என்பதே. இனி அந்தக் கேள்வியை உரிமையாளர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள வண்டியை ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி உயர்த்தி, கீழே முட்டுக்கொடுக்காமல் அதனடியில் படுப்பவருக்கும் இதே கேள்வி பொருந்தும். எதையும் தாமே செய்யத் துணிவதோடு, எதைத் தாம் செய்யக் கூடாது என்று அறிவதும் இந்தக் கலையின் பகுதிதான். பற்றவைப்பு பழகாதவர் ஸ்டியரிங் தாங்கும் இடத்தைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதில் இழுக்கு இல்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி, பழுது நேர்ந்தாலும் மறுநாள் வேலைக்குச் செல்ல வேறு வண்டி உள்ளவர்களின் உலகம். மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய மானேபஞ்சனில் நிலைமை அப்படியன்று. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்குக் கற்கள் பரவிய மலைப்பாதையில் பயணிகளையும் பண்டங்களையும் ஏற்றிச் சென்றவை 1950களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள். மூல என்ஜின்கள் தேய்ந்தபின் அவற்றுள் பல மஹிந்திரா டீசல் என்ஜின்களைப் பெற்றன. இங்கிலாந்திலிருந்து பாகம் தருவிக்கும் வசதி அற்ற இடத்தில் உள்ளூரில் கிடைத்தது எதுவோ அதுவே மூல உறுப்பாயிற்று. மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்கும் சந்தைக்கும் இடையே, மழையில் வழுக்கும் செங்குத்துச் சரிவுகளில், பழைய சீரிஸ் வண்டிகள் மூட்டைகளோடு தலைமுறைகளாக உழைத்துவந்திருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கென்று குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அந்த மலையில், லேண்ட் ரோவர் என்பது சேகரிப்புப் பொருளாக அல்லாமல் முட்டைக்கோசும் தக்காளியும் ஏறும் வண்டியாகவே அறியப்பட்டது. பிரிட்டனில் மூல நிறத்தைக் கண்டெடுக்க வண்ணப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டுபவரின் பக்தியும், மலைப்பாதையில் கையிலிருந்த இரும்பை வெட்டி ஒட்டியவரின் துணிவும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டும் அந்த வண்டியின் உட்பகுதியைக் கையால் தொட்டறிந்தவர்களுக்கு மட்டுமே கூடுபவை.

பிற்காலத்து வண்டிகளோடு ஒப்பிடும்போது இத்தொடுதலின் அருமை புரியும். 1998இல் டிஃபெண்டருக்கு வந்த டிடி5 என்ஜினில் எரிபொருள் பீய்ச்சுவதை மின்னணுக் கட்டுப்பாட்டகம் முடிவுசெய்கிறது. ஓர் உணர்வி பழுதானால் அதைக் கேட்டறிய ஸ்பேனரும் காதும் போதா, அந்தக் கட்டுப்பாட்டகத்தோடு பேசும் கருவி வேண்டும். அதையும் கற்றுக்கொண்டு தம் கொட்டகைக்குள் கொண்டுவந்த உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அறிவு முற்றிலும் அடைபட்டுவிட்டது என்று புலம்புவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் ஒரு வேறுபாடு மறையவில்லை. மழுங்கி ஒலிக்கும் சட்டமும், முறுக்கேறிய அரை அச்சும், வழியும் எண்ணெய்க் கசிவும் தம் நோயைத் தம் உடலிலேயே எழுதிக் காட்டுகின்றன. மின்னணுப் பெட்டி தன் நோயை எண்களாக மொழிபெயர்த்துச் சொல்கிறது, அந்த மொழிபெயர்ப்புக்கு அகராதி எழுதும் உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கிறது.

பழைய வண்டிகளின் அகராதி திறந்தே கிடந்தது. மூன்றாம் சீரிஸின் பட்டறைக் கையேடு அட்டையின் நிறத்தால் பச்சை வேதம் என்றே வழங்கப்பட்டது. பாகங்களின் பட்டியல் நூலில் ஒவ்வொரு கூட்டும் காற்றில் சிதறி நிற்பதைப் போலக் கோட்டோவியமாக வரையப்பட்டு, வாஷர் வரைக்கும் எண் இடப்பட்டிருந்தது. எதற்குப் பின் எது பூட்டப்படும் என்பதைப் படிப்பறிவு குறைந்தவரும் கண்ணால் தொடர முடிந்தது. அந்நூல்களின் எண்ணெய்க் கறை படிந்த படிகள் வண்டியோடு சேர்த்தே கைமாறின. ஆனால் உரிமையாளர்கள் தாமே செய்த மாற்றங்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. 3.54 டிஃபரன்ஷியலும் 24 பல் அரை அச்சும் உள்ளே இருக்கும் வண்டியை வாங்கியவர், அது தெரியாமல் கையேட்டை நம்பி 10 பல் தண்டை இருக்கைக்கடியில் வைத்துக்கொண்டு மலையேறினால், தேவைப்படும் நாளில் அது நுழையாது. இதை அறிந்த சிலர் மாற்றத்தைச் செய்து முடித்ததும், அச்சுக் கூட்டின் மேல் சேற்றைத் துடைத்துவிட்டு, விகிதத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் உளியால் எழுத்தெழுத்தாகப் பொறித்து, அதன் மேல் வெள்ளை வண்ணம் தடவிவைக்கிறார்கள்.